ராசா இல்லாத கோட்டையில் குடியிருந்தவர்கள்

வேலூரைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. சாமி இல்லாத கோயில், ராசா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று விரல் மடக்கிக்கொண்டே போவார்கள். பட்டியல் இன்னும் நீளும். மிச்சத்தைச் சொன்னால் போலீஸ்காரர்களுக்கும் பெண்களுக்கும் கோபம் வரும் என்பதால் விட்டுவிடுகிறேன். சாமி விஷயம் 1981இல் தீர்ந்துவிட்டது. ஆறும் மலையும் இன்றைக்கும் ஏறக்குறையச் சொன்னபடியே இருக்கின்றன. ராசா இல்லாத கோட்டை என்பது மட்டும் எனக்கு எப்போதும் ஒப்பாத பேச்சு. தமிழ்நாட்டில் இத்தனை அரச குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியிருந்த கோட்டை வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. பெரும்பாலும் விருப்பமில்லாமல் குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

கோட்டை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முற்றுகை, பீரங்கி, துரோகம், சுரங்கப் பாதை. வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்களும் 1806ஐப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு நகர்வதில்லை. அதில் தவறில்லை. ஆனால் கோட்டை என்பது முதலில் ஒரு குடியிருப்பு. அங்கே சமைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மாதப் படி போதவில்லை என்று மனு எழுதினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் வேலூர் வேறொரு ஊராகத் தெரியும்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்தப் பார்வை இயல்பாக வரும். அங்கே பழைய கோட்டை என்றால் ஒரு குடும்பத்தின் வீடு. ஸ்கை தீவில், கடல் நிலத்துக்குள் நுழைந்த ஒரு கரையில் பாறைமேல் நிற்கும் டன்வேகன் கோட்டை ஏறக்குறைய 800 ஆண்டுகளாக மக்லியோட் குலத் தலைவர்களின் கையில் இருக்கிறது. அந்த நாட்டுக் கோட்டைகளின் அமைப்பே வேறு. நம்மைப் போல ஊரையே வளைத்து மதில் போடுவதில்லை. ஒரு கல் கோபுரத்தை உயர்த்தி, கீழே வளைகூரை போட்ட சாமான் அறை, அதன்மேல் கூடம், அதற்கும் மேல் படுக்கை அறைகள் என்று அடுக்கிவிட்டு, சுவருக்குள்ளேயே ஒரு சுழற்படி வைத்துவிடுவார்கள். ஒரு தலைவனும் அவன் உறவும் ஆட்களும் தங்க அது போதும். பிறகு வருகிற தலைமுறைகள் பக்கத்தில் ஒரு கோபுரம், நடுவில் ஒரு மாளிகை என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். டன்வேகனின் மூலக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1500 வாக்கில் இன்னொரு கோபுரம் எழுந்தது. 1748 வரை உள்ளே போக ஒரே வழி கடல் பக்கத்து வாசல்தான். படகில் வந்து இறங்கிப் படியேற வேண்டும். குலத்தைக் காக்கும் தேவதைக் கொடி என்று ஒரு நைந்த பட்டுத் துணியைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் படம், கொள்ளுப்பாட்டியின் கடிதம், கடன் பத்திரம் எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேயே இருக்கும். அதனால் கோட்டையின் கதை குடும்பத்தின் கதையாகவே எழுதப்படுகிறது.

வேலூர்க் கோட்டைக்கு அப்படி ஒரு வாரிசு வாய்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வாரிசுகளோடுதான் வந்தார்கள்.

கட்டியவர் சின்ன பொம்மி நாயக்கர். விஜயநகரத்தின் சதாசிவராயர் காலத்தில், 1566 வாக்கில், அவரும் திம்மா ரெட்டி நாயக்கரும் கட்டியதாகத் தொல்லியல் துறை சொல்கிறது. தலைக்கோட்டைப் போர் முடிந்து ஏறக்குறைய ஓராண்டுதான் ஆகியிருந்தது. தலைமை சரிந்துபோன நேரத்தில் கிளைகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளக் கல் அடுக்கின என்று இதைப் படிக்கலாம். 133 ஏக்கர். சுற்றுவட்டாரத்துக் கருங்கல். பெரிய மதிலில் ஒழுங்கான இடைவெளி எதையும் பார்க்காமல் வட்டக் கொத்தளங்களும் சதுரமாகத் துருத்திய பகுதிகளும் வருகின்றன. அதற்கு முன்னால் உயரம் குறைந்த இன்னொரு மதில், அதற்கும் முன்னால் அகழி. அகழிக்கு நீர் சூரியகுண்டம் என்ற குளத்திலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக வந்தது. அதில் பத்தாயிரம் முதலை விட்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். முதலைகளை யார் எண்ணினார்கள் என்று கேட்கக் கூடாது. பழைய வாசல் இன்றைய சாலையைப் போல நேராகப் போகாது. தூக்குப் பாலம், பிறகு வளைவு, கதவு, மறுபடி வளைவு, மறுபடி கதவு என்று போகும். உள்ளே வருகிற ஒவ்வொருவனும் மதில்மேல் நிற்பவனுக்குத் தன் முதுகையும் விலாவையும் காட்டிக்கொண்டேதான் வர முடியும். டன்வேகனின் கடல் வாசலும் இந்த வேலையைத்தான் செய்தது.

பொம்மி நாயக்கர் வெறும் படைத் தலைவராக இருந்திருந்தால் மறந்திருப்போம். அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர் அவர். ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள அடையபலம் தீட்சிதரின் ஊர். அங்குள்ள காலகண்டேசுவரர் கோயிலில் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சின்ன பொம்மர் தீட்சிதருக்குப் பொன்னால் அபிஷேகம் செய்ததையும், அந்தப் பொன்னைக் கொண்டு அவர் தன் நூலான சிவார்க்கமணி தீபிகையைப் படிக்க ஐந்நூறு மாணவர்களுக்கு ஏற்பாடு செய்ததையும் அது சொல்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தால் இந்தப் பொன் விஷயம் நம்பக்கூடியதாகிவிடும். கோபுரத்தைத் தாண்டி இடதுபுறம் திரும்பினால் போதும். தூண்களில் யாளிகளும் முன்னங்கால் தூக்கிய குதிரைகளும். விதானத்தில் ஒரு பூ, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்கு ஏற்றிச் செல்ல வெள்ளையர்கள் திட்டமிட்டார்கள், ஏற்ற வேண்டிய கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்று ஒரு கதை ஊரில் உண்டு. கதை நிஜமோ இல்லையோ, பெயர்த்துக்கொண்டு போகத் தோன்றுகிற மண்டபம்தான் அது.

கட்டிய குடும்பத்தின் கையில் கோட்டை நாற்பது ஆண்டுகூட நிற்கவில்லை. இரண்டாம் வேங்கடபதி ராயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நாயக்கர்களிடமிருந்து பிடுங்கி, சந்திரகிரியிலிருந்து தன் தலைநகரையே இங்கு மாற்றிக்கொண்டார். விஜயநகரப் பேரரசின் தலைநகராக வேலூர் இருந்தது என்று எங்கள் ஊர்ப் பையன்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை.

1614 அக்டோபரில் வேங்கடபதி ராயர் இறந்தார். சாகும்போது அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக அறிவித்திருந்தார். அரசிகளில் ஒருத்தியின் அண்ணன் ஜக்கராயன், தன் தங்கை பெற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு பையனைக் காட்டி, அவனுக்குத்தான் அரியணை என்றான். அந்தப் பையன் ராயருக்குப் பிறந்தவனே இல்லை என்பது அரண்மனைப் பேச்சு. புதிய அரசனும் மனைவியும் குழந்தைகளும் கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டார்கள். வெளியே அரசனின் கட்சியைச் சேர்ந்த யாசம நாயக்கன் படையோடு நின்றான். அடுத்து நடந்ததைப் பர்ராதாஸ் என்ற போர்ச்சுகீசிய ஏசுசபைப் பாதிரியார் 1616இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு வண்ணார், அழுக்குத் துணி மூட்டைக்குள் அரசனின் ஒரு மகனை வைத்துக் காவலைத் தாண்டி வெளியே கொண்டுபோய்விட்டார். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். மற்றவர்களைக் காப்பாற்ற வழியில்லை. ஜக்கராயனின் தம்பி வாளோடு உள்ளே வந்து, நீயே செய்துகொள்கிறாயா, நான் செய்யட்டுமா என்கிற நிலைக்கு அரசனைத் தள்ளினான். மனைவியையும் பிள்ளைகளையும் தன் கையாலேயே வெட்டிவிட்டு அரசன் தானும் மாய்ந்தான் என்கிறார் பாதிரியார். தப்பிய பையன் பிறகு தோப்பூர்ப் போரில் வென்ற கட்சியின் அரசனாக, ராமதேவராயன் என்ற பெயரில் முடிசூடினான். அந்த வண்ணாரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஸ்காட்லாந்துக் கோட்டைகளிலும் இத்தகைய கதைகள் ஏராளம். அங்கே இந்த அறையில்தான் நடந்தது என்று வழிகாட்டி கையை நீட்டுவார். இங்கே அப்படிக் கை நீட்ட இடமே இல்லை. ராயர்களின் அரண்மனை எங்கிருந்தது என்று தேடிப் பார்க்கப் புல்வெளிதான் இருக்கிறது.

அதன்பின் பீஜப்பூர்க்காரர்கள். பிறகு மராட்டியர்கள். 1677இல் சிவாஜியின் படை சூழ்ந்தது. ஓராண்டுக்கும் மேல் முற்றுகை நீண்டு அடுத்த ஆண்டு கோட்டை விழுந்தது. பக்கத்துக் குன்றுகளில் நிற்கும் சாஜரா, கோஜரா கோட்டைகள் அந்தக் கால நினைவுகள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயத் தளபதி தாவூத்கான் பிடித்தார். இவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வந்தார்கள், காவல் போட்டார்கள், போனார்கள்.

நவாப் காலத்தில் மறுபடியும் குடும்பம் வந்துவிட்டது. வேலூர் ஆற்காட்டு நவாபின் உறவினர் கைக்குப் போனது. 1742இல் கோட்டைத் தலைவன் முர்தசா அலி. நவாப் சப்தர் அலி அவனுக்கு மைத்துனன். பணப் பாக்கியைக் கேட்டு மைத்துனன் வேலூருக்கு வந்து தங்கினான். முதலில் விஷம் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டான். பிறகு பட்டாணியர்களை விட்டுக் குத்திக் கொன்றார்கள். முர்தசா அலி ஆற்காட்டுக்குப் போய்த் தன்னை நவாபாக அறிவித்துக்கொண்டான். படை திரும்பிக்கொண்டதும் பெண் வேடத்தில் மூடுபல்லக்கில் ஏறி வேலூருக்கே ஓடிவந்தான். இந்தக் கோட்டைக்குத் தானே விரும்பி ஓடிவந்து தங்கியவன் அவன் ஒருவன்தான் போல.

ஏழே ஆண்டில், 1749 ஆகஸ்டில், எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துப் போரில் அன்வருதீன் நவாபும் செத்தான். பிரெஞ்சுப் பீரங்கிகளும் ஐரோப்பிய முறையில் பழகிய சிப்பாய்களும் ஓர் இந்தியப் படையை என்ன செய்ய முடியும் என்று இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு பார்த்தது. 1760இலிருந்து வேலூர் கம்பெனியின் கையில்.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு இறந்தார். அவருடைய பன்னிரண்டு மகன்கள், மகள்கள், மனைவியர், ஹைதர் அலியின் மூத்த விதவைகள், இவர்களோடு நூற்றுக்கணக்கான பணியாளர்கள் என்று ஓர் அரண்மனை முழுவதும் மலையிறங்கி வேலூருக்கு வந்தது. கோட்டைக்குள் அவர்களுக்கு மகால்கள் ஒதுக்கப்பட்டன. ஹைதர் மகால், திப்பு மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால் என்று ஐந்து பெயர்களை இன்றும் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை என்று தோன்றாது. கனமான சுவர், சின்ன ஜன்னல், நடுவில் முற்றம். பர்தா வைத்து வாழ்கிற பெரிய குடும்பத்துக்கும், அதைக் கண்காணிக்கிற காவலனுக்கும் ஒரே நேரத்தில் வசதியான கட்டடம். கைதிகள் என்று அவர்களை யாரும் சொல்லவில்லை. படி கிடைத்தது, மரியாதை கிடைத்தது. மதிலுக்கு வெளியே போக அனுமதி மட்டும் கேட்க வேண்டும்.

ஏழு ஆண்டுகள் அப்படிப் போயின. 1806 ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். அடுத்த நாள் விடியுமுன்பு கோட்டையிலிருந்த சென்னைப் படைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். காரணங்களைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, மீசையை அளவாக வெட்ட வேண்டும், புதுமாதிரித் தலைப்பாகை வைக்க வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது. மாட்டுத் தோலா பன்றித் தோலா என்ற சந்தேகம் இந்துவையும் முஸ்லிமையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டது. மே மாதமே மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதித்திருந்தார்கள். தோலை வைத்துப் பிழைக்கிற எங்கள் வட்டாரத்தில் இந்த நுணுக்கத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆம்பூரில் ஒரு தோலைத் தொட்டுப் பார்த்தே எருமையா ஆடா என்று சொல்லிவிடும் கைகள் இன்றைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1806இன் சிப்பாய்க்கு அந்தக் கை இல்லை. இருந்திருந்தாலும் அதைத் தலையில் வைத்திருக்கமாட்டான்.

மைசூரின் புலிவரிக் கொடி கோட்டைமேல் ஏறியது. வெள்ளைக்காரப் படையில், 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகளில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோட்டைத் தலைவர் பேன்கோர்ட்டும் செத்தார். இங்கே வாசலின் அமைப்பு மறுபடி கதைக்குள் வருகிறது. இத்தனை வளைவும் கதவும் வைத்துக் கட்டிய வழியில், எழுந்தவர்கள் வெளிக் கதவுகளையும் தூக்குப் பாலத்தையும் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்வாசல் மட்டும்தான் சாத்தியிருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வந்த கில்லெஸ்பி அதுவரை தடையில்லாமல் வந்துவிட்டான். வாசல்மேல் ஒதுங்கியிருந்த மிச்ச வெள்ளைச் சிப்பாய்கள் அவனை மேலே இழுத்துக்கொண்டார்கள். கயிறு விட்டார்கள் என்று ஒரு பதிவு, இடுப்பு வார்களை முடிச்சுப் போட்டு இறக்கினார்கள் என்று இன்னொன்று. பிறகு பீரங்கி வந்து கதவு உடைந்தது. இருநூற்று நாற்பது ஆண்டு கெடாத கட்டடக் கலை ஒரு காலைப்பொழுதின் கவனக்குறைவில் பயனற்றுப் போயிற்று. உள்ளே நடந்த பழிவாங்கலில் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பந்து விளையாடும் சுவரில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள்.

கல்யாண வீடு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. கில்லெஸ்பியின் வீரம் பற்றி ஆங்கிலத்தில் கவிதையே இருக்கிறது. பேன்கோர்ட்டின் மனைவி குழந்தைகளோடு கோழிக் கூண்டுப் பக்கம் ஒளிந்து உயிர் பிழைத்ததை அவரே எழுதிவைத்தார். அன்று மணப்பெண்ணாக இருந்தவள், முந்திய நாள் சமையலுக்கு நெய் வாங்கியவர்கள், மகாலுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த கிழவிகள் ஆகியோரின் குரல் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இன்று அங்கே டாலிகஞ்சுப் பக்கம் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. கடைசி மகன் குலாம் முகமது 1842இல் தர்மதலாவில் கட்டிய பள்ளிவாசல் தந்தையின் பெயரால் நிற்கிறது. மூத்த பெண்கள் இங்கேயே தங்கினார்கள். ஹைதரின் விதவை பக்ஷி பேகம் அதே 1806இல் இறந்தார். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834 வரை இருந்தார். கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கணவனின் ஊரைவிட்டு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த வெயிலில்.

இந்த இடத்தில் ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய மிச்சம் இருக்கிறது. அந்த நாட்டுக் குடும்பக் கோட்டைகள் எட்டு நூற்றாண்டு நின்றதற்கு அவர்களின் கல் மட்டும் காரணம் இல்லை. 1746இல் கல்லோடன் தோல்விக்குப் பிறகு குலத் தலைவர்களின் வழிவழி அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்தது. தலைவன் வெறும் நிலக்கிழார் ஆனான். கடன் ஏறியது. பிள்ளைகள் பட்டாளத்துக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போனார்கள். டன்வேகனின் 23ஆம் தலைவர் நார்மன் மக்லியோட் கடன் தாங்காமல் 1779இல் ஹாரிஸ் தீவை விற்றார். அதை வாங்கியவரும் ஒரு மக்லியோட்தான், கம்பெனிக் கப்பலொன்றின் தலைவர். விற்ற நார்மன் இந்தியாவுக்கு வந்து ஹைதருக்கும் திப்புவுக்கும் எதிராகப் போரிட்டார். ஊர் திரும்பியதும், 1790இல், பாழடைந்துகிடந்த பழைய கோபுரத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார். எந்தச் சுவர் எந்தக் கிஸ்தியில் எழுந்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குடும்பம் தன் கோட்டைக்குத் திரும்பிய அதே போர்களின் முடிவில் இன்னொரு குடும்பம் தன் கோட்டையை விட்டு வேலூருக்கு வந்தது.

இதைவிட விசித்திரம் ஹெக்டர் மன்றோ. 1780இல் பொள்ளிலூரில் பெய்லி தலைமையிலான கம்பெனிப் படை ஹைதரிடம் அழிந்துகொண்டிருந்தபோது உதவிக்குப் போய்ச் சேராமல், காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய தளபதி. அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்து மானத்தை மீட்டுக்கொண்டார். ஊருக்குப் போன பின் தன் நிலத்தில், பைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் ஒரு கட்டடம் எழுப்பினார். பஞ்சத்தில் இருந்த ஊர்க்காரர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று செய்தாராம். மூன்று வளைவுகள் கொண்ட அந்த வாசல் வடக்கு ஸ்காட்லாந்தின் பனிக்காற்றில் இன்னும் நிற்கிறது. அதற்குப் பின்னால் வீடும் இல்லை, ஊரும் இல்லை.

பொள்ளிலூரில் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 44 மாதம் சிறையிருந்த டேவிட் பெயர்டும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1799இல் அதே ஊரின் மதிலேறியவர் அவர். அவர் இறந்த பின் மனைவி கிரீஃப் ஊருக்கு அருகே ஒரு குன்றில் தூண் எழுப்பினார். ஒரு காலத்தில் ஸ்ட்ராத்தெர்ன் பிரபுக்களின் குடும்பக் கோட்டை இருந்த குன்று அது. கோட்டை போய்விட்டது, தூண் இருக்கிறது. எல்லாக் குடும்பமும் மக்லியோட் குடும்பத்தைப் போல் தப்புவதில்லை.

வேலூருக்கு வந்த கடைசி ராசா தமிழ் தெரிந்தவர். கண்டியின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், இயற்பெயர் கண்ணுசாமி, மதுரையிலிருந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்து அங்கே அரசேறிய நாயக்கர் வழியினர். 1815 பிப்ரவரியில் பிடிபட்டார். மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அதில் சிலருடைய கையெழுத்துகள் தமிழில் இருக்கின்றன. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கார்ன்வாலிஸ் என்ற கப்பல் அவரையும் குடும்பத்தையும் சென்னையில் இறக்கியது. அங்கிருந்து வேலூர். திப்புவின் பிள்ளைகள் காலி செய்த கோட்டையில் பதினாறு ஆண்டுகள். அவருடைய முன்னோர்கள் பெண்ணெடுக்க வந்துபோன நாட்டுக்கே அவர் கைதியாகத் திரும்பினார். 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்தார். பாலாற்றங்கரையில் அடக்கம். 1990இல் தமிழக அரசு அங்கே முத்து மண்டபம் எழுப்பியது. அவருடைய அரியணை வின்ட்சர் கோட்டைக்குப் போயிருந்தது. டச்சுக்காரர்கள் 1693இல் கண்டிக்குப் பரிசாகக் கொடுத்தது அது. 1934இல் கொழும்புக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்காலிக்குக் கிடைத்த விடுதலை.

ராசாக்கள் தீர்ந்துபோன பின் கோட்டை அலுவலகமாயிற்று. 1846இல் தூய யோவான் தேவாலயம் எழுந்தது. கோயிலை முன்பே ஆயுதக் கிடங்காக்கியிருந்தார்கள். லிங்கம் சத்துவாச்சாரியில் காத்திருந்தது. 1981 மார்ச் 16ஆம் தேதி அதை மூடிய வண்டியில் கொண்டுவந்து கருவறையில் வைத்துவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பூசை கூடாது என்று தொல்லியல் துறை சொல்லிப் பார்த்தது. வந்த சாமியை யாரால் திருப்பி அனுப்ப முடியும்? உள்ளே இருக்கிற பள்ளிவாசலுக்கு இந்த வழி திறக்கவில்லை, அங்கே தொழுகைக்கு அனுமதி இல்லை. அருங்காட்சியகத்துக்குள்ளும் கோயிலுக்குள்ளும் கூட்டம் போகிறது. மகால்கள் பக்கம் காவலர் பயிற்சிப் பள்ளி வந்தது.

பரம்பரை என்று ஒன்றைத் தேடினால் இந்த வட்டாரத்தில் கோட்டையில் அது கிடைக்காது, டேனரியில் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், ராணிப்பேட்டை. தாத்தா ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டுக்கு அனுப்பினார். அப்பா 1970களில், அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், குரோமியத்துக்கு மாறினார். பேரன் ஷூ கம்பெனி வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறான். பெயர்ப் பலகையில் மூன்று தலைமுறையின் முதலெழுத்துகள். கொள்முதல் நோட்டும் கடன் பத்திரமும் வீட்டிலேயே இருக்கும். டன்வேகனைப் போல எழுதத்தக்க குடும்ப வரலாறு இவர்களிடம்தான் இருக்கிறது. அதில் பாலாற்றின் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டமே அந்தத் தீர்ப்பிலிருந்துதான் பாடம் படிக்கிறது. தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் அதையும் சட்டம் போட்டு மாட்ட எந்தப் பேரனும் இன்னும் முன்வரவில்லை.

மகால்களின் கடைசி வாசிகளும் இலங்கையிலிருந்து வந்தவர்களே. 1990களில் ஈழப் போராளிகளைத் திப்பு மகாலில் சிறப்பு முகாம் என்ற பெயரில் வைத்திருந்தார்கள். இங்கேயும் கைதி என்ற சொல் கிடையாது. 1995 ஆகஸ்டில் அவர்களில் 43 பேர் தரைக்குக் கீழே சுரங்கம் தோண்டி வெளியேறிவிட்டார்கள். கோட்டைகளைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லப்படும் சுரங்கப் பாதைக் கதைகளில் எனக்குத் தெரிந்து நிஜமானது இந்த ஒன்றுதான், அதையும் நாயக்கர்கள் தோண்டவில்லை. அந்தத் துணிமூட்டைச் சிறுவனுக்கு அடுத்து, வைத்தவர்களின் அனுமதி இல்லாமல் இங்கிருந்து வெளியே போனவர்கள் என்று எனக்குத் தெரிந்தவரை இவர்களைத்தான் சொல்ல முடியும். நடுவில் ஏறக்குறைய 380 ஆண்டு.